பலகைக்கு வைத்த பொட்டு

கயல்விழிக்குக் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணும் பழக்கம் உண்டு. விருத்தாசலம் தொழிற்பேட்டையில், திருமாலின் பீங்கான் கம்பெனியில் அவள் சூளை பார்க்கத் தொடங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. சூளைச் சுவரில் இருக்கும் பார்வைத் துளையில் கண்ணை வைத்தாளென்றால் அவ்வளவுதான். உள்ளே பிள்ளையார் பொம்மைகளும் ஊறுகாய் ஜாடிகளும் பியூஸ் கட்டைகளும் ஒரே ஆரஞ்சு வெளிச்சத்தில் கரைந்து, எது பிள்ளையார் எது ஜாடி என்று தெரியாமல் நிற்கும். எல்லாம் ஒரே நிறமாகிவிட்ட அந்த ஊரில் அவள் பாட்டுக்கு நடந்து திரிவாள். "என்னா கயலு, உள்ளயே குடி போயிட்டியா?" என்று திருமால் குரல் கொடுத்த பிறகுதான் வெளியே வருவாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது என்பதால் அவரும் அதற்குமேல் பேசுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குச் சூளை வேலை இல்லை. பின்பக்கத்துத் தகர ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி, இரண்டு மேஜைகளை எதிரெதிரே போட்டிருந்தார்கள். ஒரு மேஜையில் மின்சார அடுப்புச் சட்டம். அதில் செங்குத்தாக நின்றது கயல்விழி செய்த பலகை: ஒன்றரை ஜாண் சதுரம், சாணைக்கல்லுக்குப் போடும் கார்போரண்டம் பொடியில் களிமண் சேர்த்துச் சுட்டது, முகமெல்லாம் பலாப்பழத் தோல்போல முள் முள்ளாக, கரிக்கட்டைக் கருப்பு. எதிர் மேஜையில் ஷமீனா கொண்டுவந்த கருவி. பார்ப்பதற்கு ஒரு இரும்புப் பெட்டி, முன்னால் சின்னப் புனல்போல ஒரு வாய், பின்னால் ஒரு லேப்டாப். இதை ஆபீஸ் பெண்களிலிருந்து வாட்ச்மேன்வரை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று போய்விட்டார்கள்.

ஷமீனா இந்த ஊர்க்காரிதான். கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த அப்துல் லத்தீப்பின் மகள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை கயல்விழியும் அவளும் ஒரே பெஞ்சு. அதன்பிறகு ஒருத்தி பீங்கான் டிப்ளமா படித்து ஊரிலேயே நின்றாள். மற்றவள் பிசிக்ஸ் படித்துப் படித்து, குஜராத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடம்வரை போய்விட்டாள். அங்கே மெதுவடைபோல வளைந்த ஒரு பெரிய இரும்புக் கூட்டுக்குள் துளியூண்டு சூரியனைக் கொளுத்திப் பார்க்கிறார்கள். கொளுத்துவது ஷமீனாவின் வேலை இல்லை. அது எவ்வளவு சூடு என்று சொல்வதுதான் அவள் வேலை.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. ஒரு கோடி டிகிரிக்குள் தெர்மாமீட்டரை விட்டால் சூடு தெரியாது, தெர்மாமீட்டர் போய்விட்டது என்பது மட்டும் தெரியும். ஆகவே தூர நின்று, அந்தச் சூட்டிலிருந்து கிளம்பி வரும் மைக்ரோவேவ் அலையைப் பிடித்து, அலையின் பலத்தை வைத்துச் சூட்டைச் சொல்ல வேண்டும். எவ்வளவு பலத்துக்கு எவ்வளவு சூடு? அதற்கு முதலில் சூடு தெரிந்த ஒரு பொருளைக் கருவிக்குக் காட்டிப் பழக்க வேண்டும். தராசு எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும் படிக்கல் இல்லாமல் நிறுக்க முடியுமா? அந்தப் படிக்கல்தான் கயல்விழியின் பலகை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஷமீனா போனில் கேட்டபோது இப்படித்தான் ஆரம்பித்தாள்.

"கருப்பா ஒரு பலகை வேணும்டி."

"எவ்ளோ கருப்பு? கரி கருப்பா, மை கருப்பா?"

"கண்ணுக்குக் கருப்பு இல்லடி. அலைக்குக் கருப்பு. மேல படுறது எதையும் திருப்பி அனுப்பக் கூடாது, அப்டியே வாங்கிக்கணும். நல்லா வாங்கிக்கிறதுதான் சூடானா நல்லா குடுக்கும். திருப்பி அனுப்புறது எதையும் குடுக்காது."

"எங்க மொதலாளி நல்லா வாங்கிக்குவாரு. குடுக்கத்தான் மாட்டாரு."

ஷமீனா சிரித்துவிட்டு மற்றதைச் சொன்னாள். பலகையை அந்த இரும்புக் கூட்டுக்குள் கொண்டுபோய் வைத்துச் சூடாக்குவார்கள். கருவியின் கண் அதைப் பார்த்து அளவு எடுத்துக்கொள்ளும். அப்புறம் பலகையை வெளியே எடுத்து, கூட்டை மூடி, காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, அதன்பிறகுதான் சூரியன்.

"குடி போறதுக்கு முன்னாடி புது வூட்டுல பால் காய்ச்சுற மாதிரி," என்றாள் கயல்விழி.

"அதேதான்," என்றாள் ஷமீனா.

அன்றிலிருந்து கயல்விழியின் கனவுக்குப் புது விலாசம் கிடைத்தது. சன்னல் இல்லாத, மூலை இல்லாத, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு வளைந்த வீடு. அதற்குள் யாருமில்லை. இன்னும் வராத ஒரு சூரியனுக்காக அவளுடைய பலகை மட்டும் உள்ளே சிவந்து காத்திருக்கிறது. சோறு வடிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த வீடு வந்துபோகும். கம்மாபுரத்தில் அவள் புருஷன் தமிழ்ச்செல்வன், "என்னா, குஜராத்துல இருக்கியா?" என்று கேலி செய்வான்.

முதல் பலகை சூளையிலேயே இரண்டாகப் பிளந்தது. இரண்டாவதில் முடிக் கீறல். மூன்றாவது பலகை ஒரு பிசிறு இல்லாமல் வெளியே வந்தபோது கயல்விழிக்குப் பயம் வந்துவிட்டது. அப்படிக் குறையில்லாமல் ஒரு பொருள் வந்தால் சும்மா விடுவது அந்தக் கம்பெனியில் வழக்கமில்லை. பெரிய பொம்மை என்றால் அடியில் கரிப் பொட்டு வைத்துவிடுவார்கள், கண் படாமல் இருக்க. கரிக்கட்டையில் கரிப் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம்? பொம்மைக் கிரீடத்துக்குப் பூசும் தங்கத் தண்ணியில் ஒரு சொட்டு எடுத்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பதுபோல வைத்து, சின்ன அடுப்பில் சுட்டெடுத்தாள். தங்கம் மின்னவில்லை. முட்களுக்கு நடுவே உறிஞ்சிக்கொண்டு மங்கிப்போய், இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. பொட்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை விடிவதற்குள்ளேயே அடுப்பைப் போட்டுவிட்டதால், ஷமீனா வந்தபோது பலகை சூடேறிக்கொண்டிருந்தது. கிட்டே குனிந்து பார்க்க முடியாது. தூர நின்று பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குதுடி," என்று கயல்விழியின் தோளைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணுக்கடியில் கருவளையம்.

"தூங்கலியா நீ?"

"எங்க தூங்குறது? வியாழக்கெழம கூட்ட மூடுறாங்க. மூடிட்டா ஒரு வருஷத்துக்குத் தொறக்க மாட்டாங்க. வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கலாம்னு எல்லாரும் சொன்னப்ப, எங்க ஊருல என் பிரெண்டு செய்வான்னு மீட்டிங்குல சொல்லிட்டேன். இன்னிக்கு இது சரியா வந்தா சாயந்திர வண்டியில எடுத்துட்டுப் போறேன். இல்லாட்டி பழைய கணக்க வச்சு ஒப்பேத்தணும். நானே நம்பாத ஒரு நம்பர நானே சொல்லிட்டு உக்காந்திருக்கணும்."

பலகையைப் பார்க்கக் கயல்விழிக்குத் தைரியமாக இருந்தது. பொட்டு வைத்திருக்கிறது அல்லவா?

பத்து மணிக்குப் பாண்டியன் பைக்கில் வந்தார். ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். ஊசி மருந்தைக் குளிரவைக்கும் திரவ நைட்ரஜன் அவரிடம் கேன் நிறைய இருக்கும். கருவிக்குச் சூட்டைக் காட்டுவதுபோலக் குளிரையும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அளவின் இரு முனையும் தெரியாது. தெர்மாக்கோல் பெட்டிக்குள் அலையை உறிஞ்சும் கருப்புப் பஞ்சை வைத்து அவர் நைட்ரஜனை ஊற்ற, வெள்ளைப் புகை மேஜையிலிருந்து வழிந்து தரையெல்லாம் பரவியது. எல்லோருடைய கால்களும் முழங்காலோடு காணாமல் போயின.

"இதுல என்னா பொறக்கும் மேடம், கன்னுக்குட்டியா?" என்றார் பாண்டியன்.

"சூரியன், டாக்டர்."

"காளையா, கெடேரியா?" என்று கேட்டுவிட்டுக் கேனை மூடிக்கொண்டு அவர் கிளம்பினார்.

வேலை ஆரம்பித்தது. புனல் வாய்க்கு முன்னால் ஒரு தகட்டு விசிறி 'டக் டக்' என்று சுற்றி, குளிர்ந்த பஞ்சையும் சுடு பலகையையும் மாறி மாறிக் கருவிக்குக் காட்டியது. கயல்விழி எதிர்பார்த்ததுபோல நம்பர் பட்டென்று வந்து நிற்கவில்லை. திரையில் ஒரு கோடு காய்ச்சல்காரன் கைபோல நடுங்கிக்கொண்டிருந்தது. "லாரிச் சத்தத்துல கொசுச் சத்தம் கேக்குற மாதிரிடி. திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, லாரிய கழிச்சுட்டா கொசு மட்டும் நிக்கும்," என்றாள் ஷமீனா. செல்போன்களை அணைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். வெயிலும் காற்றும் வராமலிருக்க ஷட்டரை இறக்கி, சன்னலுக்கெல்லாம் சாக்குத் தொங்கவிட்டார்கள். பட்டப்பகலில் ஷெட்டு இருட்டிப்போனது.

அந்த இருட்டில், காலடியில் புகையோடு, கயல்விழிக்கு நேரம் போனதே தெரியவில்லை. கோடு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டிருந்தது. டக் டக் டக். தான் இருப்பது தகர ஷெட்டு இல்லை, அந்த வளைந்த வீடு என்று தோன்றியது. சுவர்கள் மெல்ல வளைந்து போயின. ஷமீனாவின் முதுகு எங்கோ தூரத்தில் தெரிந்தது. இப்போது பால் பொங்கும், இப்போது பொங்கும் என்று காத்திருந்தாள்.

"நின்னிருச்சு," என்றது ஷமீனாவின் குரல்.

கோடு நின்றிருந்தது. ஷமீனா திரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்தாள்.

"பலகைக்குப் பின்னாடி சொருகியிருக்கிற, சூடு அளக்குற கம்பி அறுநூத்தம்பது டிகிரின்னு சொல்லுது. இது அறுநூத்தி இருபத்தெட்டுன்னு சொல்லுது."

"இருபத்திரண்டு கொறையுது."

"மூஞ்சி பக்கம் முதுக விடக் கொஞ்சம் ஆறியிருக்கும். அப்டித்தான் இருக்கும்." அதைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். "எழுதிக்கிறேன். அங்க வச்சாலும் இருபத்திரண்டக் கழிச்சுக்கலாம். பாஸுடி! உன் பலகை பாஸு!"

கயல்விழிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பலகையைக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. கிட்டே போகமுடியாத சூடு. புனலுக்குப் பக்கத்தில் போய், கருவி பார்க்கும் இடத்திலிருந்தே அவளும் பார்த்தாள்.

இருட்டில் பலகை செவசெவ என்று, அடுப்புத் தணல்போலக் கனிந்து நின்றது. கருப்பு என்பதே எங்கும் இல்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர. நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, கன்னத்தில் வைத்ததுபோல, ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு கரும்பொட்டு.

அவள் வைத்தது தங்கப் பொட்டு. சூட்டில் அது கருப்பாகியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெளிச்சம் கொடுக்க, அது மட்டும் கொடுக்காமல் நின்றது. திருப்பி அனுப்புறது எதையும் குடுக்காது. போனில் கேட்ட வார்த்தை அப்படியே காதில் விழுந்தது. கண் படக் கூடாது என்று அவள் வைத்தாள். இங்கேயோ கண் படுவதற்காகத்தான் அந்தப் பலகையே. கருவியின் கண்ணைப் பொட்டு மறித்துவிட்டது. இருபத்திரண்டு டிகிரியும் அவள் வைத்த திருஷ்டிப் பொட்டு.

ஷமீனா திரும்பிப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் திருமால் ஷட்டரைத் தட்டி, லட்டு டப்பாவோடு குனிந்து உள்ளே வந்தார். "பாஸாமே! நம்ம கம்பெனி பேர பலகைல பொறிச்சிருக்கலாம். தோணாமப் போச்சு," என்று ஆளுக்கொரு லட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார். கயல்விழி லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. பலகை பாஸாகிவிட்டது, சாயந்திரம் வண்டி ஏறும், அந்த வளைந்த வீட்டுக்குள் போய்ச் சிவந்து நிற்கும். மூன்று மாதமாகக் கண்ட கனவு. சொன்னால்? இன்னொரு பலகை பிடித்து, காயவைத்து, சுட்டு, ஆறவைக்கப் பத்து நாளாவது வேண்டும். வியாழக்கிழமை மூடிவிடுவார்கள். அதைவிட, படித்தவள் முன்னால் நின்று, 'பலகைக்குக் கண்ணு படும்னு பொட்டு வச்சேன்' என்று எந்த வாயால் சொல்வது?

"ஷமீ," என்று மெதுவாகக் கேட்டாள். "அங்க வச்சாலும் இதே இருபத்திரண்டுதான் கொறையுமா?"

"ஆமா. ஏன்?"

"கண்ணு அங்கயும் இதே எடத்ததான் பாக்குமா?"

"இல்ல, அங்க கண்ணு தூரத்துல இருக்குது. அகலமாப் பாக்கும், கொஞ்சம் தள்ளியும் பாக்கும்."

"அப்ப இருபத்திரண்டு கொறையாட்டி?"

"கொறையாதத நாம கழிச்சா, எல்லாக் கணக்கும் மூணு பங்கு போயிரும். நூத்துக்கு மூணு. கோடி டிகிரின்னா மூணு லட்சம் டிகிரி பொய்யி." ஷமீனா சிரித்தாள். "ஏண்டி, இன்னிக்கு இவ்ளோ கேள்வி? கனவு காணலியா?"

மூன்று லட்சம் டிகிரி பொய். அந்தப் பொய்யையும் ஷமீனாதான் வாயால் சொல்ல வேண்டும். தெரியாமலேயே சொல்லிக்கொண்டிருப்பாள்.

"ஷமீ, இங்க வந்து பாரு," என்றாள் கயல்விழி. "நான் ஒரு பொட்டு வச்சுட்டேன்."

ஷமீனா வந்து பார்த்தாள்.

"என்னாது அது?"

"தங்கத் தண்ணி. திருஷ்டிக்கு. கருப்புல கருப்பு தெரியாதேன்னு..."

"தங்கமா? மைக்ரோவேவுக்குத் தங்கம்னா கண்ணாடிடி! கருப்புப் பலகைல கண்ணாடி ஒட்டி வச்சிருக்க!" ஷமீனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் உன்ன நம்பி மீட்டிங்குல..." மேஜைக்குப் போய் எழுதியதை அடித்தாள். புனலின் திருகைத் தளர்த்தி, பொட்டு படாத பக்கமாக நாலு விரல் திருப்பி முடுக்கினாள். தகட்டு விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியது.

கோடு அடங்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அந்த ஒன்றேகால் மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டக் டக் டக். வளைந்த வீடு இப்போது வரவில்லை. கயல்விழி கூப்பிட்டும் வரவில்லை. தகரம் வெயிலில் முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. கையிலிருந்த லட்டு உதிர்ந்து காலடியில் எறும்பு வந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு சண்டையில் இப்படித்தான் இரண்டு நாள் பேசாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எதற்குச் சண்டை என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

கோடு நின்றது. ஷமீனா நம்பரைப் படிக்காமல் திரையைத் தோழியின் பக்கம் திருப்பினாள்.

அறுநூற்று நாற்பத்தொன்பது.

"ஒண்ணு கொறையுது," என்றாள் கயல்விழி, அழாத குறையாக.

"ஒண்ணு கொறஞ்சா அது கொறையே இல்லடி, லூசு! உன் பலகைல ஒரு தப்பும் இல்ல. பொட்ட எடுத்துட்டா போதும். எடுக்க முடியுமா? நாலு மணிக்குள்ள?"

முடியுமா என்றால்? சூளைக்குள் ஜாடி அடுக்கும் பலகையும் இதே சரக்குதான். சுடச்சுட வெளியே இழுத்துப் போட்டாலும் அது விரிசல் விடாது என்று கயல்விழிக்குத் தெரியும். ஷட்டரைத் தூக்கி, அடுப்பை அணைத்து, இரண்டு மின்விசிறியைப் பலகையின்மேல் திருப்பினாள். கை வைக்கிற சூட்டுக்கு அது வந்ததும் மடியில் சாக்கைப் போட்டுப் பலகையைக் கிடத்தி, கார்போரண்டம் குச்சியால் பொட்டைத் தேய்க்க உட்கார்ந்தாள். தான் ஆசையாக வைத்ததைத் தானே சுரண்டி எடுப்பது பல்லைக் கடிக்கிற வேலையாக இருந்தது. தங்கம் போயிற்று. அந்த இடத்து முட்கள் நாலும் மொட்டையாயின.

"மொட்ட பரவால்லியா?"

"மொட்டையும் கருப்புதான். கருப்பா இருந்தா போதும்," என்றாள் ஷமீனா.

பஞ்சுக்குள் பொதிந்து மரப்பெட்டியில் வைக்கும்போது கயல்விழியின் கை தயங்கியது. எவ்வளவு தூரம் போகிற பொருள். ரயிலில் ஏற்றி இறக்கி, எத்தனை பேர் கண்ணில் பட்டு. ஒரு குறையில்லாமல், ஒரு பொட்டுமில்லாமல் போகிறது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வெட்கம்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவளைத் தெரிந்தவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கில் உதிர்ந்து கிடந்த பலகையின் கருப்புத் தூளை ஷமீனா விரல் நுனியில் ஒற்றி எடுத்தாள். கயல்விழியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கன்னத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.

"பலகைக்கு வைக்காத. அதப் பாக்கணும். கண்ணு பட்டா உனக்குத்தான்டி படும், செஞ்சவளுக்கு," என்றாள்.

வண்டி நேரமாகிவிட்டது. திருமாலே ஆட்டோவைக் கூப்பிட்டு வந்து பெட்டியை ஏற்றிவிட்டார். "போயிட்டு வரேன்" என்று ஷமீனா கை காட்டி, ஆட்டோ தொழிற்பேட்டை வளைவில் திரும்பி மறைந்தது.

அன்று சாயந்திரம் கயல்விழி முகம் கழுவவில்லை. கம்மாபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். பக்கத்து சீட்டுக்காரி, "கன்னத்துல கரி ஒட்டியிருக்குது பாரு," என்று முந்தானையை நீட்டினாள்.

"இருக்கட்டும்," என்றாள் கயல்விழி.